காயம் யாருக்கும் இல்லை என்று எழுதினேன்

என் எம்.ஃபில். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: "பயிற்சிக் காலத்தில் பங்கேற்பாளர் எவருக்கும் காயம் ஏற்படவில்லை." அது பொய். ஒரு பெண்ணின் கால் எலும்பு முறிந்தது. அதை அறிந்தே எழுதாமல் விட்டேன். அவள் பெயருக்கு நேரே "குடும்பம் இடம்பெயர்ந்ததால் விலகினார்" என்று போட்டேன். அவள் எங்கும் போகவில்லை. கம்பத்தில் ஒரு மருத்துவமனையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள்.

அது 1996. சின்னமனூரில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியபின் பகுதிநேரமாக ஆய்வு செய்தேன். தொலைதூரம் ஓடும் மாணவிகளை மேகமலைச் சாலையில் வளைவு வளைவாக ஏறவிட்டு, அதே வேகத்தில் இறக்கிக் கொண்டுவரும் பயிற்சி அது. வாரத்துக்கு இரண்டு வளைவு கூடும். இறக்கத்தில் ஓடும்போது முன்காலெலும்பில் அடி அதிகம் விழும், சுமையைச் சட்டென்று கூட்டினால் எலும்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்காது, ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் நான் படித்ததுதான். இரண்டாம் அத்தியாயத்தில் நானே மேற்கோளோடு எழுதியும் இருக்கிறேன். எழுதியது பட்டத்துக்காக. மைதானத்தில் அதை நான் நம்பவில்லை.

ஓய்வுபெற்றபின் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். 2010 ஜனவரியில் தங்கப்பாண்டியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் ஒரு காலத்தில் வகுப்பெடுத்த ஆசிரியர் முகாமில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் அவர். சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். "அய்யா, தங்களின் மலை ஓட்ட அட்டவணையை இன்றும் பின்பற்றி வருகிறோம். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்து மங்கிவிட்டது. தெளிவான பிரதி ஒன்று அனுப்ப முடியுமா?"

பதினான்கு வருடம். ஊருக்குப் போய்வருகிறேன் என்று மகனிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். ஒரு தாளைத் திருப்பி வாங்க வேண்டும் என்றேன்.

தேனியில் இறங்கியபோது இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. விடுதி அறை மாடியில். சிங்கப்பூரில் நான் ஏறுவதெல்லாம் மின்தூக்கி. இங்கே இருபத்தாறு படி, கைப்பிடியில் பாதி இல்லை. அறையில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே படுத்திருந்தேன். பிறகு கீழே பரோட்டாக் கடைக்குப் போனேன்.

"ரெண்டு போதுமா பெருசு?" என்றார் பரிமாறியவர்.

போதும் என்றேன்.

"இன்னும் எத்தன காலத்துக்கு வயித்தக் கட்டி வச்சுக்கிட்டு இருக்கப் போறீக. சும்மா சாப்பிடுங்க" என்று மூன்றாவதையும் பிய்த்துப்போட்டுச் சால்னாவை ஊற்றிவிட்டார். சிங்கப்பூர் உணவங்காடியில் யாரும் யாரையும் இப்படி உரிமையெடுத்துக் கெடுக்க மாட்டார்கள். மூன்றையும் தின்றேன். அன்று பட்ட சந்தோஷம் அது ஒன்றுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சின்னமனூர்ப் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. வீரபாண்டிப் பாலத்தருகே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. "எறங்கி ஆளுக்கொரு கரும்பு ஒடிச்சுத் தின்னுக்கங்கப்பா, இப்போதைக்கு நகராது" என்றார் நடத்துநர். டிராக்டர்காரர் திட்டத் திட்ட நாலைந்து பேர் அதைச் செய்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஏலக்காய் வியாபாரி கைபேசியில் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். "செடியப் போய்க் கேளு, என்னைக் கேக்காதே. பூத்ததெல்லாம் கொட்டிருச்சுன்னா நான் போய் ஒட்டவைக்கவா?" என்று அதற்கு அர்த்தம். பேசி முடித்ததும் தமிழுக்கு மாறி, "மச்சினன். குமுளியில இருந்துக்கிட்டு வெரட்டுறான்" என்றார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிக் கால் நனைக்கலாம் என்று நினைத்தேன். மறுபடி ஏற முடியுமா என்ற சந்தேகத்தில் இறங்கவில்லை.

தங்கப்பாண்டியின் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலரை. மைதானத்தில் ஏழெட்டுப் பெண்கள் கால்களை உதறிக்கொண்டு நின்றார்கள். சுவரில் ஒரு பலகை. அதில் ஆணியடித்திருந்த தாளில் என் பெயர் மட்டும் பேனாவால் மேலே எழுதி அழுத்தமாக்கப்பட்டிருந்தது.

"ஏ புள்ளைகளா, இங்கன வாங்க. நம்ம அட்டவணையப் போட்டவுக இவுகதான்" என்றார் தங்கப்பாண்டி. பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "இவுக ஓடியிருக்காகளா, எழுத மட்டும் செஞ்சாகளா?" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அப்படிச் சொன்னவள் பெயர் முத்துமாரி. ஒன்பதாம் வகுப்பு. அப்பா இல்லை. அம்மா திராட்சைத் தோட்டத்துக் கூலி. மூன்று வாரத்தில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு. அதில் எடுத்தால் பிளஸ் டூ முடியும்வரை சாப்பாடு, படிப்பு, தங்கல் எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். தங்கப்பாண்டி அவளைத்தான் நம்பியிருந்தார். அவள் நிற்கும்போது எடையை வலதுகாலில் மட்டுமே போட்டிருந்தாள்.

உட்காரச் சொல்லி, இடது முன்காலெலும்பில் கட்டைவிரலை மேலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி தூரம் ஒன்றுமில்லை. கீழே, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, ஒரு காசளவு இடத்தில் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்தக் காலில் மட்டும் நொண்டியடித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு தடவை குதித்தாள். மூன்றாவதற்குக் காலை ஊன்றவில்லை.

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு நாளு இருக்கும் சார். தைலம் தேய்ச்சா போயிரும்."

தங்கப்பாண்டியைத் தள்ளி அழைத்துப்போய், இவளை ஓடவிடாதே, யாரையும் இறக்கத்தில் ஓடவிடாதே, அந்த அட்டவணையைக் கிழித்துப்போடு என்றேன்.

அவர் சிரித்தார். "என்னய்யா, வந்ததும் வராததுமா சோதிக்கிறீகளா?"

"நிஜமாகச் சொல்கிறேன்."

அவர் முகம் மாறியது. "அய்யா, முகாம்ல நீங்க சொன்னத நான் இன்னும் நோட்டுல வச்சிருக்கேன். 'அவுக சொன்னாக, இவுக சொன்னாகன்னு பயிற்சிய மாத்தாதீங்க. ஆராய்ச்சி பண்ணி அச்சுல வந்தத வச்சு மாத்துங்க.' உங்க வாயால வந்தது. இப்பவும் வாயால வந்து நிறுத்துங்கிறீக. எத நான் கேக்குறது?"

"காயம் இல்லை என்று பொய் எழுதினேன், தங்கப்பாண்டி. ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது."

"அந்தப் பொண்ணு இப்ப எங்கன இருக்கு?" என்றார். மேகமலையில் என்றேன். "அத இங்கன கூட்டிட்டு வாங்க. கண்ணால பாத்துட்டு முடிவு பண்றேன். மூணு வாரத்துல இந்தப் புள்ளைக்கு ஒரு வழி பொறக்கும்யா. அத நான் சும்மா நிறுத்திர முடியாது." திங்கள்வரை முத்துமாரியை ஓடவிடுவதில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நான் கற்றுக்கொடுத்தபடிதான் கேட்டார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, காலைப் பேருந்தில் மலையேறினேன். ஜல்லியும் பள்ளமுமாக அந்தச் சாலை. சிங்கப்பூர்ப் பேருந்தில் நின்றுகொண்டு காப்பி குடிக்கலாம். இங்கே உட்கார்ந்திருக்கும்போதே தலை கூரையில் இடித்தது. பிள்ளைகள் ஓடி இறங்கிய வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவற்றின் கீழ்முனையில் கடிகாரத்தோடு நின்றது நான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கால் முறிந்த ஜெயக்கொடி ஓர் எஸ்டேட் தொழிலாளியின் மகள். சின்னமனூரில் மாணவியர் விடுதியில் தங்கிப் படித்தாள். பதினாறு வயது. கால் வலிக்கிறது என்று என்னிடம் நான்கு முறை சொன்னாள். ஐந்தாம் முறை இறக்கத்தில் விழுந்தாள். அவள் அப்பா மலையிலிருந்து ஓடிவந்து மருத்துவமனை வாசலில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன்: "விடுதிச் சுவர் ஏறிக் குதிச்சிருக்கா. சொன்ன பேச்சு கேட்கிறதில்லை." அவர் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போய்விட்டார். சுவரேறிக் குதித்த பெண் யாரைப் பார்க்கப் போனாள் என்று ஊர் பேசியிருக்கும். அதுவும் எனக்கு அப்போதே தெரியும்.

ஏழாவதோ எட்டாவதோ ஒரு வளைவில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. "இதுக்குத்தான் நேத்தே சொன்னேன்" என்று ஓட்டுநர் நடத்துநரைப் பார்த்துச் சொன்னார். "நேத்து நான் லீவுண்ணே" என்றார் நடத்துநர். ஒரு தேயிலை லாரி வந்து எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டது. மூட்டைகளின் மேல் என்னை ஏற்ற இரண்டு பெண்கள் தள்ளினார்கள். "தாத்தாவப் பாத்து, எலும்பு" என்றாள் ஒருத்தி.

மேலே குளிர். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் நீலச் சுண்ணாம்பு பாதி உதிர்ந்து நின்றன. ஜெயக்கொடி வேலை முடிந்து வரட்டும் என்று கடையில் பாலில்லாத கட்டஞ்சாயாவும் அவித்த கப்பைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சிங்கப்பூர் என்றால் நம்பமாட்டார் என்று தேனி என்றேன். "தேனியில இருந்து யாரு இங்கன சும்மா வருவா?" என்றார்.

அவளை நடையில் அடையாளம் தெரிந்தது. இடதுபாதம் கொஞ்சம் வெளியே திரும்பி விழுந்தது. கூடையை இறக்கிவைத்தாள். முப்பது வயதுக்கு முகம் முற்றியிருந்தது.

"பி.டி. சாரா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அப்பா இறந்து ஆறு வருடம். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். ஆய்வேட்டில் எழுதியதை, எழுதாததை, தங்கப்பாண்டியை, முத்துமாரியை. குடும்பம் இடம்பெயர்ந்தது என்று எழுதிய இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"எங்க போனதாப் போட்டீக?"

"இடம் சொல்லவில்லை."

"ஒரு நல்ல ஊராப் போட்டிருக்கலாம்" என்றாள்.

பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "காலு போனா போகுது சார். மழைக்கு வலிக்கும், அவ்வளவுதான். பொண்ணு கேட்டு வந்தவுக எல்லாம் அந்தச் சுவரக் கேட்டுட்டுத் திரும்பிட்டாக. எங்க அப்பா சாகுறப்ப, 'எதுக்குத்தா குதிச்ச?'ன்னு கேட்டுக்கிட்டே செத்தாக. நான் குதிக்கலன்னு எத்தன வாட்டி சொல்ல? வாத்தியாரு பொய் சொல்வாரான்னு கேட்டாக" என்றாள்.

அடுப்பைவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? எனக்குத்தான் தெரியுமே. ஆத்தாகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன். என் வாயையே பார்த்தார். "காது மந்தம். சத்தமாச் சொல்லுங்க" என்றாள் ஜெயக்கொடி. சத்தமாகச் சொன்னேன். "இன்னும்" என்றாள்.

கத்தினேன். அறுபத்தெட்டு வயதில், மைதானத்தில் கத்திய குரலை எடுத்துக் கத்தினேன். "உங்க பொண்ணு சுவர் ஏறிக் குதிக்கலம்மா. நான் ஓடவிட்டதுல கால் முறிஞ்சது. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பொய் சொன்னேன்."

கிள்ளிய பீன்ஸைக் கிழவி தட்டில் போட்டார். வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்" என்றாள் ஜெயக்கொடி.

"அம்மாவுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறதே."

"ஆத்தாவுக்கு அப்பவே கேட்டுருச்சு. பக்கத்து லைனுக்குக் கேக்கல."

மறுபடி கத்தினேன். மூன்றாம் முறை வாசலில் நின்று கத்தினேன். இருமல் வந்துவிட்டது. ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார். கூட்டத்தில் யாரோ, "பாவம், பெரிய மனுசன்" என்றார்கள். அதற்கு வேறொரு பெண், "இத்தன வருசம் அவ பாவமில்லையாக்கும்?" என்றாள்.

அம்மா கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "அவுக இருக்கையில வந்திருக்கக் கூடாதா?"

இரவு எஸ்டேட் மேஸ்திரி வீட்டில் படுக்க இடம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை. காலையில் ஜெயக்கொடி புடவை மாற்றிக்கொண்டு கையில் ஒரு உறையோடு வந்தாள். அந்தக் காலத்து எக்ஸ்ரே படம். "தூக்கிப்போடத்தான் இருந்தேன். போன மாசம் கிரகணம் பாக்கணும்னு லைன் பூராவும் என் காலத்தான் வாங்கி வாங்கிப் பாத்தாக" என்றாள். அதைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்க்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அறிவுரை சொல்லும் நாள் அது இல்லை என்று விட்டுவிட்டேன்.

இருவரும் மலையிறங்கிப் பள்ளிக்குப் போனோம். தங்கப்பாண்டி படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒரு ஆளு கால வச்சு ஒரு அட்டவணையே தப்புன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

"நான் ஒரு ஆளுதான். வலிச்சு நின்னுபோனவ இன்னும் ரெண்டு பேரு இருக்காளுக. அதையும் சாரு எழுதல" என்றாள் ஜெயக்கொடி. அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

முத்துமாரி அவள் அம்மாவோடு வந்திருந்தாள். ஜெயக்கொடி அவளுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. "எங்கன வலிக்குது?" என்று கேட்டாள். முத்துமாரி காட்டினாள். ஜெயக்கொடி தன் சேலையைக் கொஞ்சம் தூக்கி, அதே இடத்தில் தடித்துப்போயிருந்த எலும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டுவிட்டு முத்துமாரி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

திங்களன்று அவளைத் தேனிக்கு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். படத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தீகளா, சும்மா இருந்த புள்ளையப் பயமுறுத்திவிட்டுட்டீக" என்றாள் முத்துமாரியின் அம்மா. ஆரம்பத்தில் படத்தில் தெரியாமலும் இருக்கும், வலிக்கிற இடத்தைப் பார்த்தால் ஆறு வாரம் ஓடாமல் இருப்பதுதான் பத்திரம் என்றார் மருத்துவர். ஆறு வாரம் என்றால் தேர்வு போய்விடும். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். எல்லோரும் தங்கப்பாண்டியைப் பார்த்தார்கள். அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓட வேணாம்த்தா" என்றார்.

திரும்பும் பேருந்தில் முத்துமாரி என் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பின் நான் செய்தவை இவ்வளவுதான். பல்கலைக்கழகத்துக்கு உண்மையை எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. பொய்யான வாக்கியம் எது, நடந்தது என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி அச்சடித்தேன். சுமையை மெல்லக் கூட்டும், இறக்கத்தைத் தவிர்க்கும் புதிய அட்டவணையை மறுபக்கத்தில் போட்டேன். எனக்குத் தெரிந்த ஆசிரியர்களுக்கெல்லாம் தங்கப்பாண்டி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சிலர் பழையதை எடுத்துவிட்டார்கள். ஒருவர், "சிங்கப்பூர்த் தண்ணி குடிச்சதும் அய்யாவுக்கு ஞானம் வந்துருச்சோ?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் பலகையில் ஒட்டிவைத்திருக்கிறாராம். மேகமலையிலிருந்து எனக்கு ஒரு சேதியும் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

மே மாதத்தில் தங்கப்பாண்டி தொலைபேசியில் பேசினார். முத்துமாரியின் வலி போய்விட்டது, மெல்ல ஓட ஆரம்பித்திருக்கிறாள். விடுதியில் வேறு பள்ளிப் பெண் ஒருத்திக்கு இடம் கிடைத்தது. அடுத்த வருடம் முத்துமாரியின் வயதுப் பிரிவு மாறிவிடும், அதில் போட்டி அதிகம். எல்லாம் சொல்லிவிட்டு, "உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்" என்று அவளிடம் கொடுத்தார்.

"சார், நான் அன்னைக்கு ஓடியிருந்தா காலு நிச்சயமா முறிஞ்சிருக்குமா?"

நிச்சயமாக என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று தெரிந்தது. அந்த வார்த்தை நாக்குநுனிவரை வந்தது.

"தெரியாதும்மா. முறிந்திருக்கலாம். ஒன்றும் ஆகாமல் நீ ஜெயித்தும் இருக்கலாம்" என்றேன்.

அந்தப் பக்கம் மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"சரி சார்" என்றாள். போனைத் தங்கப்பாண்டியிடம் கொடுக்காமல் அவளே வைத்துவிட்டாள்.